மறுமொழிக்கு ஓர் இடம்

(ஷார்ஜாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்த கையோடு உடைகூட மாற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் ஸலாம் சொல்லி வாய் மூடுவதற்குள் அவையிலிருந்து பதில் ஸலாம் வந்துவிட்டது. ஸலாம் சொல்வது சுன்னத்து, அதற்குப் பதில் சொல்வது கடமை என்று சின்ன வயதில் எனக்கு ஓதக் கொடுத்த ஆலிம்சா சொல்லித் தந்தார். தொடங்குகிறவரைவிட மறுமொழி தருகிறவருக்குப் பொறுப்பு கூடுதல். உரையாடல் என்ற பொருளைப் பற்றி இன்று நான் சொல்ல வந்த கருத்து அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. எதிரில் இருப்பவரின் மறுமொழிக்கு இடம் விடுகிற பேச்சே உரையாடல். இடம் விடாத பேச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவிப்புதான், ஆணைதான், புலம்பல்தான்.

இதை எனக்கு முதலில் காட்டியது ஒரு கேசட்.

எங்கள் ஊர் கீழக்கரை. வாப்பா தேரா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். 1980களின் தொடக்கம். கடிதம் வர இரண்டு வாரம் ஆகும். டிரங்க் கால் போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். ஊருக்குப் போகிறவர்கள் கையில் வாப்பா கேசட் கொடுத்தனுப்புவார். உம்மா நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டரைக் கூடத்தில் வைத்து, எங்களையெல்லாம் சுற்றி உட்கார வைத்து, பட்டனை அழுத்துவார். வாப்பாவின் குரல் வரும். நலம் கேட்பார், கடைக் கணக்குச் சொல்வார். பிறகு, “சரி புள்ள, இப்ப நீ சொல்லு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்பார். அதன்பின் கேசட் பேசாது. ஏசி ஓடும் இரைச்சல் கேட்கும், யாரோ இருமுவது கேட்கும். அந்த இடைவெளியில் உம்மா பேசுவார். மழை பெய்து பின்கட்டு ஒழுகுவது, காக்காவின் பள்ளிக் கட்டணம், வட்டிலாப்பம் செய்த அன்று வாப்பா நினைவு வந்தது எல்லாம் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து வாப்பாவின் குரல், “அப்படியா… சரி, பாத்துக்கலாம்” என்று மீண்டும் வரும். உம்மா முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

வாப்பாவுக்கு உம்மாவின் குரல் கேட்டிருக்காது. அது அவர்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அறுபது நிமிட நாடாவில் பத்து நிமிடத்தை அவர் மனைவியின் மறுமொழிக்கென்று ஒதுக்கினார். நான் அறிந்த உரையாடல் இலக்கணத்தின் முதல் விதி அது.

சொல்லுக்குள் இருக்கும் பொருள்

உரையாடல் என்ற சொல்லில் ‘ஆடல்’ இருக்கிறது. சொல்லாடு, வாதாடு, மன்றாடு, கொண்டாடு என்று தமிழில் ‘ஆடு’ பல சொற்களோடு சேர்கிறது. இவற்றில் பலவும் ஒற்றை ஆளாகச் செய்து முடிக்க முடியாதவை. வாதாட எதிராளி வேண்டும். மன்றாட மன்று வேண்டும். கொண்டாடக் கூட நாலு பேர் வேண்டும்.

நாம் பிழைக்க வந்த இந்த மண்ணின் மொழியில் உரையாடலுக்கு ‘ஹிவார்’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குத் திரும்புதல் என்று பொருள். போன சொல் திரும்பி வர வேண்டும். தமிழ் ஆடுதலைப் பார்த்தது, அரபு திரும்புதலைப் பார்த்தது. இரண்டு மொழியும் ஒரே பந்தைத்தான் பார்த்திருக்கின்றன.

அரபு மக்கள் இதற்கென்று வீட்டிலேயே ஓர் இடம் கட்டி வைத்தார்கள். அதுதான் மஜ்லிஸ், அமரும் இடம். சுவரோரமாக இருக்கை போட்டிருக்கும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும், யாருக்கும் யாரும் முதுகு காட்ட மாட்டார்கள். காவா என்ற அரபுக் காப்பி சுற்றி வரும், பேச்சும் சுற்றி வரும். அமீரகம், சவூதி அரேபியா, ஓமான், கத்தார் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து முன்வைத்ததால் 2015இல் யுனெஸ்கோ மஜ்லிஸைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2012இல், ‘தக்ரூதா’ அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. பாலைவனத்தில் ஒட்டகத்தில் போகும் இரண்டு குழுக்கள் மாறி மாறிப் பாடும் சிறு பாடல்கள் அவை. ஒரு குழு ஓரடி பாட, மறு குழு எதிர்ப்பாட்டாக அதை ஏந்திக்கொள்ளும். வெயிலையும் தூரத்தையும் ஒருவர் குரலை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள்.

நமக்கும் இது புதிதில்லை. நமக்குத் திண்ணை இருந்தது. நாற்று நடும் பெண்களிடம் எசப்பாட்டு இருந்தது. தஞ்சைப் பக்கம் காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடினார்கள். இங்கே வந்த பிறகு நமக்குத் திண்ணை இல்லை. இரண்டடுக்குக் கட்டிலும், அதைச் சுற்றிக் கட்டிய போர்வைத் திரையும்தான் இருக்கின்றன. இந்த நிலையில் உரையாடலை எப்படிக் காப்பது என்பதே என் கேள்வி.

ஒரு கேள்வி, எட்டு விடை

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே செப்பையும் வினாவையும் பேசுகிறார். இரண்டையும் பிழைபடாமல் காக்க வேண்டும் என்கிறார். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்றும் ஒப்புக்கொள்கிறார். இதற்கு உரையாசிரியர்கள் தந்த எடுத்துக்காட்டு சாப்பாட்டைப் பற்றியது. உண்டாயா என்று கேட்டால் உண்ணாமல் இருப்பேனா என்று திருப்பிக் கேட்பது. சாப்பிட்டியா என்றுதான் இன்றும் நம் தொலைபேசிப் பேச்சு தொடங்குகிறது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் அக்கறையின் முதல் கேள்வி மாறவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுத்தார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன பாடம்தான். ஊரிலிருந்து மனைவி கேட்கும் ஒரு கேள்வியை வைத்து அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். “இந்த நோன்புப் பெருநாளைக்கு வர்றீங்களா?”

“அந்தக் காலண்டரைப் பாரு, நான் வட்டம் போட்டுட்டு வந்த தேதி.” இது சுட்டு. “வரல.” இது மறை. “வர்றேன்.” இது நேர். இம்மூன்றும் நேரடியான விடைகள். “நீ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு.” இது ஏவல். “வராம இருப்பேனா?” இது வினா எதிர் வினாதல். “லீவு தரமாட்டேன்னு சொல்லிட்டாங்க.” இது உற்றது உரைத்தல். “இப்ப வந்தா தங்கச்சி கல்யாணத்துக்குக் கையில காசு இருக்காது.” இது உறுவது கூறல். “பெருநாளைக்குப் பணம் அனுப்புறேன்.” இது இனமொழி.

இந்தக் கடைசி விடையைக் கவனியுங்கள். கேட்டது வருகையை, கிடைத்தது பணம். இலக்கணம் இதையும் விடை என்று ஏற்கிறது. கேட்டவர் மனமும் பல ஆண்டுகளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம்முடைய அழைப்புகளில் பெரும்பகுதி இனமொழியிலேயே நடந்து முடிகிறது. நடுவில் சொல்லாமல் போன ஏழு விடைகளும் இரண்டு வீட்டிலும் தனித்தனியே தங்கிவிடுகின்றன.

இன்று கேசட் இல்லை. பெரும்பாலோர் கையில் போட்டிம் என்ற அழைப்புச் செயலி இருக்கிறது. முகம் பார்த்தே பேசலாம், நாளுக்கு மூன்று முறைகூடப் பேசலாம். ஆனால் காலை நாலு மணி பஸ்ஸுக்கு எழ வேண்டிய ஏழு பேர் ஓர் அறையில் தூங்கும்போது, எட்டாவது ஆள் திரைக்குள் கிசுகிசுவென்று எதைப் பேச முடியும்? சாப்பிட்டியா, பணம் வந்துச்சா, சரி வைக்கட்டுமா. வசதி கூடிவிட்டது. கேசட்டில் வாப்பா விட்ட இடைவெளி குறைந்துவிட்டது.

கையெழுத்து சொன்ன ‘ஆம்’

நான் முப்பது ஆண்டு இந்நாட்டுக் கட்டுமானத் தளங்களில் சேஃப்டி ஆபீசராக வேலை பார்த்தேன். தளத்தில் புழங்கும் பேச்சை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஃபீ என்றால் உண்டு, மாஃபீ என்றால் இல்லை. யல்லா என்றால் கிளம்பு, கலாஸ் என்றால் முடிந்தது. வினைச்சொல்லுக்கு ஒரே வடிவம் போதும், காலம் காட்ட நாளை, நேற்று என்ற சொற்கள் போதும். இந்தக் கலப்பு அரபியை மொழியியலார் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜே. ஆர். ஸ்மார்ட் 1990இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பலரும் எடுத்துக்காட்டுவது. நான் இந்தப் பேச்சை மதிக்கிறேன். தமிழரும் வங்காளியும் பட்டாணியரும் மிஸ்ரியும் ஒரு சுவரை ஒன்றாக எழுப்ப அது உதவியது. ஆனால் அது ஆணைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் பிறந்த பேச்சு. “எனக்கு இது விளங்கவில்லை, பயமாக இருக்கிறது” என்று அதில் சொன்ன தொழிலாளியை நான் அரிதாகவே பார்த்தேன்.

தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்துவோம். அன்றைய வேலையில் என்ன ஆபத்து, எந்த பெல்ட் போட வேண்டும் என்று ஐந்து நிமிடம் சொல்வோம். கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்போம். நாற்பது பேரும் தலையாட்டுவார்கள். தாளில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு ஜூலை மாதம், மதிய வெயில் ஓய்வு தொடங்குவதற்கு அரைமணி முன்பு, சாரத்தில் நின்ற ஓர் இளைஞர் தன் ஹார்னஸ் கொக்கியைச் சரியாகக் கட்டப்படாத ஒரு குழாயில் மாட்டியிருந்தார். குழாய் கழன்றது. ஒரு மாடி உயரம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. உயிர் தப்பினார். விசாரணையில் நிறுவனம் எடுத்து வைத்த முதல் தாள், அன்று காலை அவர் கையெழுத்திட்ட தாள். ‘சொன்னதெல்லாம் விளங்கிக்கொண்டேன்’ என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தக் கூட்டத்தை நடத்தியவன் நான்.

நன்னூலை நான் மறுபடி எடுத்துப் படித்தது அதன் பிறகுதான். “புரிஞ்சுதா?” என்பது பார்வைக்கு அறியா வினா போலத் தெரிகிறது. உண்மையில் அது ஏவல் வினா. ஆம் என்று சொல் என்று ஏவுகிற வினா. மறுநாளிலிருந்து அந்தக் கேள்வியை விட்டேன். “கொக்கியை எங்க மாட்டுவீங்க? எனக்குக் காட்டுங்க” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தமிழில், தெரிந்த இந்தியில், தெரியாத இடத்தில் அதே மொழிக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு கேட்டேன். ஐந்து நிமிடக் கூட்டம் பதினைந்து நிமிடம் ஆனது. நேரம் போகிறது என்று மேலே குறை சொன்னார்கள். மூன்றாம் நாள் ஒரு வங்காளத் தொழிலாளி எனக்குக் காட்டுவதற்காகச் சாரத்தில் கை வைத்தவர் சட்டென்று கையை எடுத்து, இது ஆடுகிறது, நேற்று மாலை அவசரத்தில் கட்டியது என்றார். எனக்கோ பொறியாளருக்கோ அது தெரியாது. அவருக்குத் தெரியும். அதுவரை அவரை யாரும் கேட்கவில்லை.

உரையாடலின் பயன் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சாரத்தைத்தான் சொல்வேன். கேட்கிறவருக்குத் தெரியாத ஒன்று மறுமொழியில் வரும். வர இடம் கொடுத்தால் உயிர் தப்பும்.

கேட்காமல் போன கேள்வி

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாம் கண்ணகியின் வீர உரையாகவே பேசிப் பழகிவிட்டோம். அதை ஓர் உரையாடலாகவும் பார்க்க வேண்டும். வாயிலோன் சென்று அறிவிக்கிறான். அரசன் உள்ளே வரச் சொல்கிறான், நீ யார் என்று கேட்கிறான், அவள் சொல்கிறாள். அரசன் தன் நியாயத்தைச் சொல்கிறான், அவள் தன் சிலம்பின் பரலைச் சொல்கிறாள். முத்தா மாணிக்கமா என்பது சிலம்பை உடைத்ததும் தெரிந்துவிடுகிறது. கேள்வியும் பதிலுமாகச் சில கணங்களில் உண்மை வெளியே வந்துவிட்டது. இந்தக் கேள்விகளைப் பாண்டியன் கோவலனிடம் கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு ஆணையிட்டான், கோவலனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசனைக் கொன்றது கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான்.

நீதிமன்றத்துக்குப் போகும் தொழிலாளிக்கு உரையாடல் என்பது இலக்கியச் சொல் இல்லை. கேட்டது தனக்கு விளங்குமா, தான் சொன்னது அவர்களுக்கு விளங்குமா என்பதே அவர் கவலை. அபுதாபி நீதித்துறை 2019 பிப்ரவரியில், தொழிலாளர் வழக்குகளில் அரபு, ஆங்கிலத்தோடு இந்தியையும் மூன்றாவது மொழியாகச் சேர்த்து, வழக்குப் படிவங்களை அந்த மொழியிலும் கிடைக்கச் செய்தது. நல்ல காரியம். இந்தி அறியாத நம் ஊர்க்காரருக்கு இன்றும் மொழிபெயர்ப்பாளரே வாயும் செவியும். இந்த அவையில் அரபியும் தமிழும் நன்றாகத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பைப் படித்து முறையான உரிமம் பெறுங்கள். தமிழுக்கு இங்கே செய்யக்கூடிய தொண்டுகளில் அதை முதலில் வைப்பேன்.

கேள்வியால் கட்டிய நூல்

அரபும் தமிழும் உரையாடிய வரலாறு நீண்டது. அதில் எனக்கு நெருக்கமான நூல் ‘ஆயிர மசலா’. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் இயற்றியது. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களில் காலத்தால் முந்தியது. மசலா என்பது கேள்வி என்று பொருள்படும் அரபுச் சொல். அப்துல்லா இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர் நபிகளாரிடம் வந்து படைப்பு, சொர்க்கம், நரகம், மறுமை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்கிறார், விடை பெறுகிறார், இறுதியில் மார்க்கத்தில் இணைகிறார். நூல் முழுவதும் வினாவும் விடையும்தான். அரபியில் பிறந்த இந்தக் கேள்விகள் தமிழுக்கும் மலாய்க்கும் ஜாவானிய மொழிக்கும் பயணம் செய்ததை ரோனித் ரிச்சி 2011இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

என்னை இந்த நூலில் ஈர்ப்பது ஒன்று. ஒரு மார்க்கத்தைத் தமிழருக்குச் சொல்ல வந்த புலவர், சந்தேகம் கேட்கிற ஒருவரை நூலின் நடுவில் உட்கார வைத்தார். கேள்வி கேட்பவரை இழிவுபடுத்தாமல், அறிஞர் என்று மரியாதை கொடுத்து உட்கார வைத்தார். நம்பிக்கை உறுதியாக இருப்பவருக்குக் கேள்வியிடம் அச்சம் இல்லை.

எழுதுகிறவர்களுக்கு

ஓமானின் தெற்கே, தோஃபார் கடற்கரையில் கோர் ரோரி என்று ஓர் இடம் இருக்கிறது. பழைய சாம்பிராணித் துறைமுகம். அங்கே அகழாய்வு செய்த இத்தாலியக் குழுவுக்கு 2006இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. பானை உடைந்த பின் அந்த ஓட்டை மூடியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர். கி.பி. முதல் நூற்றாண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் கடலோரத்துக்கு வந்த ஒரு தமிழரின் பெயர் நமக்குக் கிடைத்துவிட்டது. அவர் யாரோடு பேசினார், எந்த மொழியில் விலை பேசினார், இரவில் என்ன சொல்லிப் புலம்பினார் என்பது கிடைக்கவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது.

நம் பேச்சும் அப்படிப் போய்விடக் கூடாது. வளைகுடா வாழ்க்கையைப் பற்றித் தமிழில் கவிதைகள் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலும் ஏக்கம், ஒற்றைக் குரல். அந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் அறையில் எட்டுப் பேர் இருந்தார்களே, அவர்கள் குரல் எங்கே? நாகூர் ஆபிதீனின் ‘உயிர்த்தலம்’ கதைகளிலும், மீரான் மைதீனின் ‘அஜ்னபி’ நாவலிலும் மனிதர்கள் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசிக்கொள்கிறார்கள். அந்த வழியில் இன்னும் பலர் வர வேண்டும்.

உரையாடலை எந்தத் தமிழில் எழுதுவது என்ற தயக்கம் பழையது. 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பாத்திரங்களும் ஏட்டுத் தமிழே பேசினார்கள். 1890களில் ராஜம் ஐயர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் மதுரைப் பக்கத்துப் பேச்சைக் கொண்டுவந்தார். புதுமைப்பித்தன் நெல்லைத் தமிழைக் கொண்டுவந்தார். அரபியிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1988இல் நோபல் பரிசு பெற்ற நகீப் மஹ்ஃபூஸ் கெய்ரோவின் கடைத்தெரு மனிதர்களையும் செவ்வியல் அரபியிலேயே பேச வைத்தார். யூசுஃப் இத்ரீஸ் தெருப் பேச்சை அப்படியே எழுதினார். இருவரும் பெரிய எழுத்தாளர்கள். என் தீர்ப்பு இத்ரீஸ் பக்கம். ஒரு மனிதர் பயத்தையோ பாசத்தையோ சொல்லும்போது அவர் வாயில் எந்தச் சொல் வந்ததோ அதைத்தான் எழுத வேண்டும். விசா தந்த முதலாளியைப் பற்றி ஒருவர் சொல்லும் “கஃபீல் பாஸ்போர்ட்டத் தரல மச்சான்” என்பதை இலக்கணத் தமிழில் திருத்தினால் மச்சான் போய்விடுவார், அவரோடு அந்த இரவும் போய்விடும்.

பென்யாமின் 2008இல் மலையாளத்தில் எழுதிய ‘ஆடுஜீவித’த்தைப் படித்திருப்பீர்கள். பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியில் சிக்கிய நஜீபுக்கு வெயிலும் பசியும் கொடுமைதான். ஆனால் என்னைத் தூங்க விடாமல் செய்தது, அவன் ஆடுகளுக்கு ஊர் மனிதர்களின் பெயர் வைத்துப் பேசத் தொடங்கும் இடம். பதில் சொல்ல ஆள் இல்லாதபோது மனிதன் பதிலை உண்டாக்கிக்கொள்கிறான். என் உம்மா அந்த டேப் ரிக்கார்டருக்கு முன் செய்ததும் அதுவே.

நிறைவாக

தோழர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

தளத்திலும் கடையிலும் அலுவலகத்திலும் உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்தால், புரிந்ததா என்று கேட்பதை நிறுத்துங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள், சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

எழுதுகிறவர்கள் உங்கள் அறையில் கேட்கும் பேச்சைக் குறித்து வையுங்கள். பெயரை மாற்றுங்கள், பேச்சை மாற்றாதீர்கள்.

மூன்றாவது இன்று இரவுக்கு. வீட்டுக்கு அழைக்கும்போது சாப்பிட்டியா என்று கேளுங்கள், அது நம் பழைய கேள்வி. பணம் வந்ததா என்றும் கேளுங்கள். அதன்பின், “இன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். மறுமுனை முதலில் ஒன்றுமில்லை என்று சொல்லும். அப்போதும் வைத்துவிடாதீர்கள். என் வாப்பா பத்து நிமிடம் காத்திருந்தார், அவருக்குப் பதில் கேட்க வழியே இல்லாதபோதும். உங்களுக்குக் கேட்கும்.

என் பேச்சு முடிந்தது. இனி நீங்கள் கேளுங்கள்.